அந்த டப்பாவை மட்டும் தொடாதீங்க

இல்ல தம்பி, கைய எடுங்க! அந்த வைஃபை டப்பாவத் தொடாதீங்க. அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஊக்க விட்டா எல்லாம் அழிஞ்சிரும்னு எனக்கும் தெரியும். போன்லயே சொன்னேனே, பிரிண்டரப் பாருங்க, கம்ப்யூட்டரப் பாருங்க, வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மட்டும் இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும்னு. வாங்க, பிரிண்டர் பின் ரூம்ல இருக்கு.

எங்க வீட்டுக்காரர் மாத்தச் சொன்னார்தான், யார் இல்லேன்னது? எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுப் பேரு, புதுப் பாஸ்வேர்டு போடச் சொல்லுன்னு காலையிலயே உத்தரவு போட்டுட்டுத்தான் கெளம்பினார். வர்ற நேரமாச்சு. வண்டியப் பின் சந்துல நிறுத்திட்டு, இந்தப் பின்வாசல் வழியா நேரா பிரிண்டர்கிட்டதான் வருவார். அதுக்குள்ள இது ஒரு பக்கம் கக்கிருச்சுன்னா வாயத் தொறக்க மாட்டார். இல்லேன்னா உங்க தலமேல நின்னு மாத்த வச்சிருவார். அதுக்குத்தான் கெஞ்சறேன்.

அவருக்கு எல்லாமே பேப்பர்ல வரணும். மழை வருமான்னுகூட பிரிண்ட் எடுத்துத்தான் படிப்பார். படிச்சு முடிக்கறதுக்குள்ள கொடியில கெடக்கற துணியெல்லாம் நனைஞ்சிருக்கும், அது வேற கதை. சிரிக்காதீங்க, வேலையப் பாருங்க.

எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு தம்பி. அணைச்சுப் போட்டேன். பிளக்கப் புடுங்கிச் சொருகினேன். நீல லைட்டு விடாம எரியுது, வைஃபை கெடச்சிருச்சுன்னுதானே அர்த்தம்? ஆனா கம்ப்யூட்டரக் கேட்டா, பிரிண்டரக் காணோம்ங்குது. பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு, காணோமாம்!

டப்பாவா? ஆமா, முன் ரூம் ஜன்னல்லதான் வச்சிருக்கேன், தெருவப் பாத்து. அது... சும்மா, காத்தோட்டமா இருக்கட்டும்னு. சூடாகுதில்ல? வேணாம், அத இங்க கொண்டுவர வேணாம். பிரிண்டர வேணா அங்க தூக்கிட்டுப் போலாம், நான் ஒரு பக்கம் புடிக்கறேன்.

அய்யோ, வண்டிச் சத்தம். இருங்க... இல்ல, சந்துல வேற யாரோ. உசுரு போயிட்டு வந்துச்சு.

உங்க போன்ல என்ன பாக்கறீங்க? நம்ம வைஃபைல எதெது இருக்குன்னு அதுல தெரியுமா? கொஞ்சம் எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. உள்ள வர்ற ஒவ்வொண்ணுக்கும் டப்பா ஒரு நம்பர் குடுக்கும், சரி. இவர் கரண்டு மிச்சம்னு பிரிண்டர நாள்கணக்கா அணைச்சு வச்சிருந்தார், ஆமா. அந்த நேரம் பாத்து அதோட நம்பர வேற எதுவோ வாங்கிக்கிச்சா? அட! பிரிண்டருக்கு இப்ப வேற நம்பர். கம்ப்யூட்டர் பழைய நெனப்புல தப்பான கதவத் தட்டிட்டே இருக்கு. இவ்வளவுதானா விஷயம்?

எது வாங்கிச்சாம்? போனா? எங்க ரெண்டு பேர் போனத் தவிர இங்க ஏது போனு? பேரு காட்டுதா? படிங்க.

என்ன? இன்னொரு தடவ சொல்லுங்க.

வாலு.

இல்ல இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் திருடல. தம்பி, அத வெளிய தள்ளிராதீங்க! எப்பவோ வந்துட்டுப் போனதா, இல்ல... இப்பவா? இந்த நிமிஷம் இருக்கா?

ஒண்ணுமில்ல தம்பி. பிரிண்டரோட புது நம்பரக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்திருங்க. பழைய நம்பர் அவகிட்டயே இருக்கட்டும். வாலு என் பொண்ணுதான். இந்த வைஃபைக்குப் பேரு வச்சது, பாஸ்வேர்டு போட்டது எல்லாம் அவதான். பேர மாத்தாம இருந்தீங்கன்னா, நான் எங்க போயிட்டு வந்தாலும் என் போன் தானா ஒட்டிக்கும்மான்னு சொன்னவ. அப்புறம் படிப்ப விட்டுட்டு பேக்கரி வேலைக்குப் போறேன்னா. இந்த வாசப்படிய மிதிக்காதேன்னார் அவர். மிதிக்கல. டப்பாவ ஜன்னல்ல வச்சா வைஃபை முன் கேட்டு வரைக்குமாவது எட்டும்னுதான் வச்சேன். வந்து வந்து நின்னுட்டுப் போயிருக்கா போல, பாவி மக.

ஓ, பிரிண்ட் வருதா? நல்லதாப் போச்சு. வண்டிச் சத்தம் கேக்குதில்ல, இந்தத் தடவ அவரேதான். இங்கயே உக்கார வச்சு, மழை வருமான்னு ஒரு நாலு பக்கம் எடுத்துக் கையில குடுத்துருங்க தம்பி. அவர் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் முன் கேட்டத் தொறந்து அவள உள்ள கூட்டிட்டு வந்துர்றேன்.