நிழல் குறைந்த படத்தை நான் அழித்தது பற்றி

எனக்கு வயது நாற்பத்து நான்கு. மருத்துவமனைக்குப் பின்தெருவில், மருந்துக்கடை மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். அதே மருத்துவமனையில் பதினாறு வருடமாக ஸ்கேன் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன்.

மூளை ரத்தக்குழாயில் புடைப்பு வந்தவர்களுக்கு அதற்குள் மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைப்பார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தால் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பு நிழல் விழும். அடைப்பு நிற்கிறதா என்பது அந்த நிழலில் மறைந்துவிடும். மூன்று வருடம் முன்பு மாறுதலில் வந்த பெண் டெக்னீஷியன், மெஷின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து நிழலைப் பாதியாகக் குறைத்தார். அதன் பிறகு மூளை டாக்டர், சுருள் வைத்த நோயாளிகளுக்கு இனி அந்தப் பெண்ணே ஸ்கேன் எடுக்கட்டும் என்று எல்லோர் முன்பும் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் அவரைப் பற்றியே புலம்பினேன். "உங்களுக்கு வேற பேச்சே கிடையாதா?" என்று மனைவி கேட்டாள்.

சென்ற மாதம் மூன்றாம் தேதி ஒரு தையல்கார அம்மா ஆறு மாதச் சோதனைக்கு வந்தார். அந்தப் பெண் வருவதற்குள் முதலில் நான் எடுத்தேன், நிழல்தான் விழுந்தது. அதன் பிறகு அந்தப் பெண் எடுத்தார். சுருளின் அடியில் ரத்தம் மறுபடி புகுவது தெளிவாகத் தெரிந்தது. அவர் மூன்று நாள் விடுப்பில் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். "அண்ணே, டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு. வெளிய வந்ததும் இதைக் காட்டிடுங்க" என்றார். சரி என்றேன். அவர் போன பிறகு அவர் எடுத்த படங்களை அழித்துவிட்டு, என்னுடையதை மட்டும் அனுப்பினேன். டாக்டர், தெரிந்தவரை கோளாறு இல்லை என்று எழுதினார்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், புடைப்பு வெடித்து அந்த அம்மா தையல் மெஷின் மீதே சரிந்தார். உயிர் பிழைத்தார், வலது கையும் பேச்சும் வரவில்லை. அதன் பிறகு நடந்த விசாரணையில், இரண்டாவது படம் எடுக்கவே இல்லை, என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை என்று சொன்னேன். அவர் படம் எடுக்காமலே ஊருக்குப் போய்விட்டார் என்று நம்பினார்கள்.

நேற்று அந்தப் பெண்ணுக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் என்னிடம் வந்து, "நான் உங்ககிட்ட சொன்னேன்ல அண்ணே?" என்று கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. அப்போதும் இல்லை என்றேன். அதன் பிறகு அவர் உட்கார்ந்து, நிழலைக் குறைக்கும் அமைப்பை எண் எண்ணாக ஒரு தாளில் எழுதி, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கிழிக்க இரண்டு முறை எடுத்தேன். கிழிக்காமல் இங்கே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அந்தத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். வியாழக்கிழமை சுருள் வைத்த ஒரு நோயாளி வருகிறார். அதற்குள் நகலை ஸ்கேன் அறைக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

யாரும் வற்புறுத்தாமல் நானே வந்து சொன்னது இது. எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன்; நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)