பதினோராம் மாடிக் காட்சி

தயாரிப்பாளர் என்றால் என்ன வேலை என்று என் அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நடிப்பதில்லை, எழுதுவதில்லை, கமெராவைத் தொடுவதுமில்லை, பிறகு எதற்கு உனக்குச் சம்பளம் என்று கேட்பா. யார் எப்போது வரவேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எப்போது போகலாம் என்று நான்தான் தீர்மானிக்கிறேன் அம்மா என்பேன். சிரிப்பா. விசாரிக்க வந்த நீங்களும் நேற்றிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆறுதலாகவே சொல்கிறேன்.

லண்டனில் இருபத்தெட்டு வருடம் தொலைக்காட்சி நாடகத் தொழிலில் இருந்தேன். இருபத்திரண்டு வயதில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பவளாகத்தான் சேர்ந்தேன். பிறகு கதைப் பிரதி திருத்துபவள், பிறகு உதவித் தயாரிப்பாளர். முப்பத்தாறு வயதில் வாராவாரம் ஒளிபரப்பாகும் ஒரு மருத்துவமனைத் தொடர் என் கைக்கு வந்தது. கௌசி அருள்நாயகம் என்ற பெயரை வெள்ளைக்காரர்கள் திரையில் பிழையில்லாமல் எழுதப் பழகியது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தொடரில் ஒரு கல்யாணக் காட்சி எடுத்தோம். மணப்பெண்ணாக நடித்தவளின் கைத்தொலைபேசி என்னிடம் இருந்தது. படப்பிடிப்பில் நான் எல்லாருடையதையும் வாங்கி வைத்துவிடுவேன். அவளுடைய அப்பாவுக்குக் கடைசி நேரம், உடனே வரச் சொல்லுங்கள் என்று அழைப்பு வந்தது. காட்சி முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அவள் சிரிக்க வேண்டிய காட்சி. நாற்பது நிமிடம் கழித்து, இப்போதுதான் அழைத்தார்கள் என்று சொல்லித் தொலைபேசியைக் கொடுத்தேன். அவள் போய்ச் சேரமுன் அவர் போய்விட்டார். அடுத்த வருடம் அவளுக்கு விருது கிடைத்தபோது மேடையில் என் பெயரைச் சொல்லி அழுதாள். தெரியாத ஒன்று ஒருவரை நோகடிப்பதில்லை என்று அன்று எனக்கு விளங்கியது.

இங்கே ரொறொன்ரோவுக்கு வந்தது ஆறு வார நாடகம் ஒன்றுக்காக. லண்டன் தொலைக்காட்சி ஒன்றும் இங்குள்ள நிறுவனம் ஒன்றும் சேர்ந்து எடுத்தன. தமிழ்க் குடும்பத்தின் கதை. பாதிக்கு மேல் தமிழ் வசனம். டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் பதினோராம் மாடியில் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்தோம். தகப்பன் வேடத்துக்கு நீக்கிலாப்பிள்ளை அண்ணை. அறுபத்தொரு வயது. முப்பது வருடம் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டியவர், சேர்ச் மண்டபத்தில் நாடகம் போடுகிறவர். கமெராவுக்கு முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை.

முதல் நாள் அவருடைய மனைவி கிளடிஸ் அக்கா கூடவே வந்து என்னைத் தனியே கூப்பிட்டா.

“தங்கச்சி, இவர் வெக்கத்தில வாய் திறந்து கேக்கமாட்டார். காலமை இன்சுலின் போட்டுட்டுத்தான் வாறவர். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு குடுத்துப்போடோணும். பிந்தினா சீனி இறங்கிப் போகும். கோட் பொக்கற்றில இனிப்பு வச்சுவிட்டிருக்கிறன்.”

“நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா. யோசிக்காதேங்கோ.”

மூன்றாம் நாள் வெளிச்சம் சரிவராமல் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தியது. அதை நான் திட்டமிடவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். கோப்பையைத் தூக்கிக் குடிக்கிற ஒரு சின்னக் காட்சிதான். அண்ணையின் கையில் கோப்பை தட்டில் பட்டுக் கிணுகிணுத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. முன்னால் இருப்பவரைக் கண் பார்க்கிறது, ஆனால் காணவில்லை. இயக்குநர் அன்ட்ரூ கமெராவோடு இணைத்த சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அண்ணை பொக்கற்றிலிருந்து இனிப்பை எடுத்து வாயில் போட்டார். “மன்னிக்கோணும் தங்கச்சி, உடம்பு கொஞ்சம் ஏலாமப் போச்சு” என்றார். பத்து நிமிடத்தில் பழைய ஆளாகிவிட்டார்.

அந்தத் துண்டை லண்டனுக்கு அனுப்பினேன். யார் இந்த மனிதர், இவரை இன்னும் காட்டுங்கள் என்று பதில் வந்தது.

நான்காம் பாகத்தில் மகன் இறந்துவிட்ட செய்தி தகப்பனுக்கு வரும். லிஃப்ட் வேலை செய்யாது. படியேறி ஓடிவந்து, கதவைத் திறக்க முடியாமல் சாவியோடு தடுமாறுவார். ஒரு தடவை எடுத்துப் பார்த்தோம். அண்ணை நன்றாகத்தான் நடித்தார். ஆனால் நடிக்கிற நடுக்கம் மணிக்கட்டோடு நின்றுவிடும். அதை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். திரும்ப எடுப்போம் என்றேன்.

எங்கள் தொழிலில் வேலைக்கு வந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சாப்பாடு கொடுக்க வேண்டும். அன்றைக்கு எல்லாரையும் பத்தரைக்கு வரச்சொல்லி வேலை நேரத் தாள் அடித்தேன், சாப்பாடு நாலரைக்கு. அண்ணைக்கு மட்டும் தொலைபேசியில், வழமைபோல ஏழு மணிக்கு வாங்கோ என்றேன். அவர் ஆறு மணிக்கே ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கோட்டின் பொக்கற்றுகள் புடைத்துத் தெரிகின்றன, தைத்துவிடுங்கள் என்று உடுப்புக்குப் பொறுப்பானவளிடம் சொன்னேன். உண்மையிலேயே கொஞ்சம் புடைத்துத்தான் தெரிந்தன. தமிழ் வசனத்தைச் சரிபார்க்கிற வினோதனை ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிவர றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அனுப்பினேன். கடிதம் தேவைப்பட்டது, ஆனால் அன்றைக்கே அல்ல.

ஒரு மணிக்கு அண்ணை என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, சாப்பாடு எப்ப?”

“பத்து நிமிசம் அண்ணை. இந்த ஒரு ஷொட் மட்டும்.”

“ஓம் ஓம், வேலை முடியட்டும்.”

அவர் என்னை நம்பினார். மூன்று தடவை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மாடி கீழேயிருந்து ஓடிவரச் சொன்னேன். மூச்சு வாங்குவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அன்ட்ரூவிடம் விளக்கினேன். அவர் ஒத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள், ஊசியைப் பற்றியோ இனிப்பைப் பற்றியோ அவருக்கு எதுவும் தெரியாது. மூன்றாவது தடவை அண்ணை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அதை நான் தடுக்கவில்லை. தண்ணீரால் ஒன்றும் மாறாது.

நான்காவது தடவை எடுத்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். சாவி பூட்டைச் சுரண்டுகிறது, விழுகிறது, எடுக்கிறார், தலைகீழாகப் பிடிக்கிறார். பிறகு கதவை விட்டுவிட்டு, நாங்கள் திரையோடு உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பி ஏதோ சொல்கிறார்.

விழுந்தபோது தலை படியின் விளிம்பில் அடிபட்டது. அம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்துவிட்டது. மூன்று நாள் நினைவு திரும்பாமலே கிடந்து போய்விட்டார். மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். “நீர் நல்லா இருக்கோணும் தங்கச்சி, சொந்தச் சகோதரம்போல நிக்கிறீர்” என்று கிளடிஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. அவவிடம் இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா என்று நீங்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

கடைசியாகக் கேட்டீர்கள், அவர் சொன்னது எனக்கு விளங்கியதா என்று.

அன்ட்ரூவும் கேட்டார். இது பிரதியில் இருக்கிற வசனமா என்று என் காதருகே கேட்டார். அந்த மாடியில் அப்போது தமிழ் தெரிந்தவர்கள் அண்ணையும் நானும் மட்டும்தான். வசனம்தான், தொடருங்கள் என்றேன்.

“தங்கச்சி, சீனி இறங்குது. இனிப்பு ஏதும் தாரும்.” அதுதான் அவர் சொன்னது. மூன்று தரம் சொன்னார். எனக்கு முதல் தரமே விளங்கியது. ஆனால் முதல் இரண்டும் சும்மா கேட்பதுபோலத்தான் இருந்தன. மூன்றாவதில்தான் குரல் உடைந்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் விழுந்தார். தேவைக்கு மேல் ஒரு நொடிகூட நான் அவரை நிற்கவைக்கவில்லை.