சிவப்பு மேலே

காபியில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், சுலோச்சனா அக்கா. ஆறுவதற்குள் குடியுங்கள். வெளியே கார்க்காரருக்கும் ஒரு டம்ளர் அனுப்பிவிட்டேன். உங்கள் தம்பி உள்ளே தூங்குகிறார். மத்தியானம் சாப்பிட்டால் நன்றாகத் தூங்குவார். அவர் எழுவதற்குள் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"களத்துல இன்னாதான் ஆச்சு, கனகா? தாண்டவராயன் வேலையில தப்பு பண்ற ஆளே இல்லியே" என்றீர்கள். உண்மைதான். மஸ்கட்டில் எவ்வளவு பெரிய இயந்திரங்களையெல்லாம் பிரித்து மாட்டியவர். தப்பு அவருடையது இல்லை.

அந்தச் சின்ன ஹெலிகாப்டரை நீங்களும் பார்த்தீர்கள். அவருடைய வெள்ளைக்கார மேலாளர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. கையில் இருக்கும் பெட்டியின் குச்சியை அசைத்தால், தூரத்தில் அது எழும்பும். அங்கே பறக்கவிட அனுமதி இல்லையாம். காவாந்தண்டலத்தில், அப்பாவின் நெற்களத்தில்தான் முதன்முதலாக மேலே ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. "ஒரு தபா மேல ஏறிட்சின்னா போதும் கனகா, நிம்மதியா கெளம்பிடுவேன்" என்று வந்த அன்றே சொன்னார். நான் அதை மனதில் வாங்கிக்கொண்டேன்.

அதன் தலையில் மரத்தால் ஆன இரண்டு இறக்கைகள். இரண்டும் ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும். ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் சுற்றினால் உடம்பு முழுக்க உதறும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நுனியில் சிவப்பு நாடாவும் மறு நுனியில் நீல நாடாவும் ஒட்டியிருந்தார். அவர் ஓடவிடுவார். நான் தள்ளிப் போய், இறக்கை மட்டத்துக்குக் கண் வரும்படி குந்திக்கொண்டு, எந்த நிறம் மேலே ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டு, அந்த இறக்கையின் அடியில் இருக்கும் சின்னக் கம்பியை அரைச் சுற்றுத் திருகித் தாழ்த்துவார். நின்றுகொண்டு இயக்கும் அவருக்கு அது தெரியாது. என் கண்தான் அவருக்கு அளவு.

"இன்னா மேல கீது?"

"சிவப்பு."

முதல் நாள் நான் பொய் சொல்லவில்லை. வெயில் கண்ணில் அடித்துத் தடுமாறிவிட்டேன். மேலே ஓடியது நீலம். அவர் சிவப்பை இன்னும் தாழ்த்திவிட்டார். உதறல் கூடியது. பக்கத்துக் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த கன்னியப்பன், "இன்னா நைனா, இது பறக்கறதுக்குள்ள என் வூட்டுக் கோயி பறந்துடும் போலகீதே" என்று கேலி செய்தார். இவர் முகம் சுண்டிவிட்டது. அன்று சாயங்காலமே உத்திரமேரூருக்குப் போய், ஒரு வாரம் கழித்து வருவதாகக் கம்பெனிக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

நிறத்தை மாற்றிச் சொன்னால் அவர் இருப்பார் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

தப்பாக நினைக்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலை நான் நேரில் கேட்டதைவிட மஸ்கட்டிலிருந்து பேசி அனுப்பும் கேசட்டில் கேட்டதுதான் அதிகம். "எல்லாரும் நல்லா கீறீங்களா" என்று ஆரம்பிப்பார். அந்த எல்லாரிலும் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது காலையில் இருவரும் சேர்ந்து களத்துக்குப் போனோம். காற்றில் என் முடி அவிழ்ந்தால், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவரே முடிந்துவிடுவார். எந்தப் பெண் அதை வேண்டாம் என்பாள்?

அதனால் மறுநாளும் சிவப்பு என்றேன். அதற்கடுத்த நாளும். அவர் என்ஜினைச் சந்தேகப்பட்டார். எண்ணெயைச் சந்தேகப்பட்டார். எல்லாத் திருகையும் கழற்றி மாட்டினார். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. அதைவிடப் பெரிய அன்பு உண்டா, அக்கா?

"ஆட்டம் ஜாஸ்தியாயிக்கினே போவுது. றெக்க பிச்சிக்கினா கத்தி மாதிரி வரும். நீ இதுக்குப் பின்னால குந்திக்கோ" என்று சொல்லி, நெல் மூட்டைகளை எனக்காக அவரே அடுக்கிவைத்தார். அவருக்கு முன்னால் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

பிறகு கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. "பறந்தாலும் செரி, பறக்காட்டியும் செரி, வெள்ளிக்கெழம கெளம்பறேன்" என்றார். அந்தப் பொம்மையால் இனி அவரைப் பிடித்துவைக்க முடியாது. வியாழக்கிழமை காலையில் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டார்.

"இன்னா மேல கீது? நல்லா பாத்து சொல்லு."

"செரியா தெரியலீங்க. இன்னும் வேகம் வையுங்க."

வைத்தார்.

"இன்னும்."

மூட்டைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்ட பிறகுதான் அந்த இரண்டாவது 'இன்னும்' சொன்னேன்.

பிய்த்துக்கொண்டு வந்த இறக்கையில் அவருடைய இடது கண் அங்கேயே போய்விட்டது. வலது கண்ணின் உள்ளே திரை கழன்றிருக்கிறது, சித்திரை முடிவதற்குள் ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும் என்று சென்னையில் டாக்டர் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். உள்ளே போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். ஒன்றும் செய்ய முடியாதாம் என்றேன். வெகுநேரம் அழுதார். பிறகு, "நீ கீறியே, அது போதும்" என்றார்.

அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நான்தான். பேப்பர் படித்துக் காட்டுகிறேன். வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று நீங்கள் வந்திருக்கிறீர்கள். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்வதென்றாலும் சொல்லுங்கள். உண்மையா என்று அவர் என்னைத்தான் கேட்பார்.

நேற்று நான் மட்டும் சென்னைக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த ஆடி மாதத்தில் இனி யார் தொட்டாலும் பார்வை திரும்பாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் உங்களிடம் மனம்விட்டுப் பேச எனக்குத் தைரியம் வந்தது.

மெதுவாக அழுங்கள், அக்கா. அவர் மனம் நோகும்படி இந்த வீட்டில் நான் எதையும் நடக்கவிடுவதில்லை.