தலைவர் இல்லாத மறியல்

“எங்களுக்குத் தலைவரே கிடையாதுன்னதும் அந்த ஆபீசர் யாருகிட்ட பேசன்னு தெரியாம முழிச்சாரு பாருங்க!”

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் தன் கணவரிடம் சொல்லிச் சிரித்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் போலும். விரல்களில் மருந்துத்தூள் மினுங்கியது. உள்ளாட்சித் தேர்தல் அறிவித்திருந்த சமயம்.

“ஏன் சொல்லமாட்டே? தண்ணி கேட்டு நீங்க பொம்பளைகல்லாம் குடத்தோட ரோட்டுல உக்காந்தீக. நான் லோடு வண்டியோட உங்க மறியல்ல மாட்டி வெயில்ல நின்னேன்.”

“மோர் கொண்டாந்து குடுத்தேன்ல?”

“குடுத்தே. ஆனா தண்ணி ஒரு மாசம் வந்துச்சு, நின்னு போச்சு. தலைவர் இல்லாத கூட்டம் எம்புட்டு நாளைக்கு நிக்கும்?”

“தலைவர்னு ஒருத்தர் இருந்திருந்தா, அவரைத் தனியாக் கூப்பிட்டுப் பேசி அன்னைக்கே கலைச்சு விட்டுருப்பாக. அந்த ஒரு மாசமும் வந்திருக்காது.”

“அப்ப நீயே பஞ்சாயத்துத் தேர்தல்ல நில்லு. தெருவே உன்னையத்தான சொல்லுது.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது.

“பயமா இருக்குங்க. ஜெயிச்சு நாற்காலியில உக்காந்தபெறகு நானும் இப்ப பதவியில இருக்கவுக மாதிரியே ஆயிட்டா? என்னைய எதுத்து ரோட்டுல யாரு வந்து உக்காருவா?”

கணவர் யோசிக்கவே இல்லை.

“நான் உக்காருதேன். மொத ஆளா.”

அந்தப் பெண் அவரைத் தோளால் இடித்தார்.

“அப்பச் சரி, நிக்கேன்.”