குளிருக்குப் பழக்கற நாத்து

இல்ல மேடம், அந்தப் பக்கம் உட்காருங்க, இங்க கதவிடுக்குல காத்து ஏறும். டீயைக் குடிச்சிடுங்க, ஆறிட்டா நல்லா இருக்காது. இவளா? தூங்கலை, தூங்கற மாதிரி நடிக்கிறா. நான் நின்னா போதும், கண்ணைத் திறந்துடுவா. அதான் நடந்துக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்பது மாசம். எடை கொஞ்சம் கூடத்தான், இடுப்பு வலி எனக்கு, வசதி அவளுக்கு. இன்னிக்கு இங்க வேலையே ஓடலை, அதனால தூக்கிட்டு வந்ததை யாரும் கண்டுக்கலை.

நாலு மணிக்கு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடுவீங்களா? முதலாளியம்மா அப்படித்தான் சொன்னாங்க. நாத்து செத்ததுக்குக் காரணம் தண்ணின்னு நீங்க எழுதிட்டா, தண்ணி ஊத்தற குழாய் மாமாவை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவாங்களாம். ஜன்னல்ல பாருங்க, வாளியைக் கவுத்துப்போட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான். தோள்ல எப்பவும் தண்ணிக் குழாயைச் சுத்திப் போட்டிருப்பாரு, அதான் அந்தப் பேரு. இன்னிக்கு அதையும் வாங்கி வெச்சுட்டாங்க. வெறும் தோளோட பார்க்க வேற யாரோ மாதிரி இருக்காரு.

மணி மூணா? மூணேகாலா? சரி சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பேசறது தொந்தரவா இல்லையே?

இந்தக் கொட்டகை எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா? காலேஜ்ல பாடம் நடத்தறவங்ககிட்டயே செடி பத்திப் பேசறேன் பாருங்க. ஆனா இங்க நாங்க எப்படிச் செய்யறோம்னு தெரியணுமில்ல. அந்தச் சூட்டுக் கொட்டகைல முட்டைக்கோஸ் நாத்து முளைக்கும். தளதளன்னு, தொட்டா ஒடிஞ்சுடற மாதிரி இருக்கும். அதை அப்படியே வெளிய வெச்சீங்கன்னு வைங்க, ஒரு பனிக்கே காலைல வேகவெச்ச கீரை மாதிரி கிடக்கும். உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு கிழிச்சுடுதாமே. அதுக்குத்தான் நடுவுல இந்தக் கொட்டகை. முதல் நாள் கதவை ஒரு மணி நேரம் திறந்து வைப்போம். அடுத்த நாள் ரெண்டு மணி நேரம். தண்ணியையும் குறைச்சுக்கிட்டே வருவோம். நாத்தைப் பழக்கறதுன்னு சொல்லுவோம். பதினாறு நாள் ஆகும்.

அது பழகற அழகைப் பார்க்கணும் நீங்க. வளர்றதை நிறுத்திடும். இலை தடிச்சு, ஓரத்துல ஊதா ஏறும். உள்ள சர்க்கரையைச் சேர்த்து வெச்சுக்கும். வெறும் தண்ணி சட்டுனு உறையும், சர்க்கரைத் தண்ணி அவ்வளவு சீக்கிரம் உறையாதில்ல. அதையும் மீறி ஐஸ் கட்டினா, செல்லுக்குள்ள கட்டாம வெளிய கட்டற மாதிரி தண்ணியை வெளிய விட்டுடும். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சவதான். செல்லுன்னா அப்ப படம் வரைஞ்சு பாகம் குறிச்சதோட சரி. அது என்னன்னு இங்க வந்துதான் புரிஞ்சுது.

எப்படித் தெரியுமா? மென்னு பார்ப்போம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். பதினாறாவது நாள் ஒரு இலையைக் கிள்ளி மெல்லணும். நாக்குல இனிச்சா வெளிய அனுப்பலாம், இல்லன்னா இன்னும் ரெண்டு நாள் வைக்கணும். நாலு வருஷமா அது என் வேலை. இவ வயித்துல இருந்தப்ப எனக்கு எதைத் தின்னாலும் கசந்துச்சு. அப்ப மட்டும் முதலாளியம்மாவே மென்னாங்க. ஆடு மேயற மாதிரி இருக்குடின்னு சொல்லி ஒரே சிரிப்பு.

இந்தத் தடவையா? இந்தத் தடவை நான்தான் மென்னேன்.

அந்த லென்ஸ் வழியா என்ன தெரியும் மேடம்? நான் ஒரு தரம் பார்க்கலாமா? இல்ல, வேணாம், இவ பிடுங்கிடுவா.

ஆமா, அந்த நாலு ட்ரே மட்டும் நிக்குது. நாப்பதுல முப்பத்தாறு போச்சு, நாலு பிழைச்சுது. எல்லாத்துக்கும் ஒரே ஆளு, ஒரே தண்ணிதானே ஊத்தியிருக்காரு, அப்புறம் இது மட்டும் எப்படி நிக்குதுன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். அது நீங்க முதல்ல உட்கார்ந்தீங்களே, அந்தக் கதவோர வரிசைல இருந்தது. காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும்.

மாமா ஜாஸ்தி ஊத்தினது நிஜம். அதை அவரே ஒத்துக்கிட்டாரே. வாடியிருந்துச்சு, ஊத்தினேன்னாரு. இந்தக் குளிர்ல நாத்து எப்படிய்யா வாடும்னு முதலாளியம்மா கேட்டாங்க. தலையைச் சொறிஞ்சாரு. அவங்க கோபத்துலயும் நியாயம் இருக்கு. ரெண்டாயிரத்துக்கு மேல நாத்து, அடுத்த வாரம் நட ஆள் சொல்லியாச்சு. பனி விழுந்த அன்னிக்குக் காலைல வெளிய போய்ப் பார்த்தோம், எல்லாம் கண்ணாடி மாதிரி நின்னுச்சு. வெயில் ஏற ஏற ஒண்ணொண்ணா சாஞ்சுது. முதலாளியம்மா குனிஞ்சு ஒவ்வொண்ணா நிமிர்த்திப் பார்த்தாங்க. திட்டியிருந்தாலாவது தேவலை.

உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? ரெண்டா. பெரிசாயிட்டாங்களா? அப்ப இந்தத் தூக்கம் கெடறதெல்லாம் மறந்திருக்கும். இல்லையா? மறக்காதுங்கறீங்களா?

இவளை எங்க கீழ்வீட்டு அக்காதான் பார்த்துக்கறாங்க. தங்கமானவங்க. போன வாரம் அவங்க மகளுக்குப் பிரசவம்னு போன் வந்து, மூணு நாள் போயிட்டாங்க, இன்னிக்கும் அங்கதான் போயிருக்காங்க. இவ அப்பா லாரி ஓட்டறாரு, வீடு வர வெள்ளிக்கிழமை ஆயிடும். நான் பிள்ளை பெத்துட்டுத் திரும்ப வேலைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள லீவுன்னு போய் நிக்க வாய் வரலை. கொட்டகைக்குள்ள குழந்தை கூடாதுன்னு சட்டம் வேற. ஒரு பழக்கூடைல துணியைப் போட்டு, இவளைப் படுக்க வெச்சு, அந்த நடு மேஜை இருக்கு பாருங்க, அதுக்கடியில வெச்சுட்டேன். சத்தமே போடலை மேடம். பல்லில்லாத வாயை வெச்சுக்கிட்டு மேல எட்டிப் பார்க்கற இலையைப் பார்த்துச் சிரிக்கிறா. ஆனா கை ரெண்டும் சில்லுன்னு இருந்துச்சு. மூக்கு நுனி சிவந்துபோச்சு. நாத்தைப் பழக்கலாம், இவளை எப்படிப் பழக்கறது?

ஸ்டோர்ல ஒரு ஹீட்டர் கிடந்துச்சு. எடுத்துட்டு வந்து போட்டேன். கதவையும் சாத்தினேன். மூணு நாள். நடுவுல ஒரு நாள் அணைக்க மறந்துட்டு வீட்டுக்கும் போயிட்டேன்.

இருங்க, எழுதிக்கலாம், முழுசா சொல்லிடறேன். பழகறதுக்குத்தான் பதினாறு நாள். மறக்கறதுக்கு மூணு நாள் போதும். சூடு பட்டதும் குளிர் போயிடுச்சுன்னு நினைச்சு, சேர்த்து வெச்சதெல்லாம் எடுத்துச் செலவழிச்சுத் துளிர் விட்டுடும். விட்டுச்சு. இளம்பச்சையா, பார்க்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஹீட்டர் காத்துல மண் காஞ்சு வாடவும் செஞ்சுது. அதைப் பார்த்துத்தான் மாமா தண்ணி ஊத்தினாரு. கதவோர வரிசைக்கு மட்டும் சூடு எட்டலை. பதினாறாவது நாள் இலையைக் கிள்ளி மென்னேன். பச்சைத் தண்ணி மாதிரி சப்புன்னு இருந்துச்சு. இனிக்குதுன்னு சொல்லிட்டேன். இல்லன்னா ஏன்னு கேப்பாங்களே. அந்த வாரம் பனி இருக்காதுன்னு ஒரு நப்பாசை.

மாமாவுக்குத் தெரியும் மேடம். ரெண்டாவது நாள் தண்ணி ஊத்த வந்தப்பவே பார்த்துட்டாரு. கூடையைப் பார்த்தாரு, ஹீட்டரைப் பார்த்தாரு, இவளைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டிட்டு, கதவைச் சத்தமில்லாம சாத்திட்டுப் போயிட்டாரு. இன்னிக்குக் காலைல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டாங்களே, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் அஞ்சடி தள்ளி நிக்கறேன், வாயைத் திறக்கலை.

தண்ணின்னு எழுதினதை அடிச்சுடுங்க. ஹீட்டர்னு போடுங்க. என் பேரு வேணாமா? அது உங்க இஷ்டம், நான் எப்படியும் இப்பப் போய்ச் சொல்லத்தான் போறேன், முதலாளியம்மா ரூம்லதான் இருக்காங்க. இவளைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? தூக்கிட்டே போகலாம், ஆனா குழந்தையைக் காட்டிக் கெஞ்சற மாதிரி ஆயிடும்.