மூன்று சீவல் வேர்

அளந்து பேசி, அள்ளிக் கொடுக்கும் அவைத் தலைவர், ஊர்த் தலைவர் பாவ் தெஷாங் அவர்களே! வேர் உலர்த்தும் புகைக்கொட்டகையில் கண் சிவந்தாலும் முகம் சிவக்காத பெரியோர்களே! மருந்து வேர் விளையும் மண்ணில் மக்களையும் பெற்று வளர்க்கும் மாதரசிகளே, தாய்மார்களே! தாவோ ஆற்றங்கரைத் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் இந்த லாங் ஹுயிஷியாவின் வணக்கம்!

போன ஆண்டு இதே மேடையில், ஊரிலேயே பெரிய வேரை எடுத்தவள் என்று எனக்குச் சிவப்புத் துணி போர்த்தினீர்கள். இந்த ஆண்டு நான் தோற்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். கைதட்டாதீர்கள் ஐயா, தோற்றதற்குமா தட்டுவது?

தாங்குயி! தோண்டும்போது மண் மணக்கும், தொங்கவிட்டால் கொட்டகை மணக்கும், கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும் தாங்குயி! தலைப்பகுதி ரத்தத்தைக் கட்டும், உடல்பகுதி ரத்தத்தை ஊட்டும், வால்பகுதி ரத்தத்தை ஓட்டும் என்று நம் வைத்தியர்கள் வழிவழியாகச் சொல்லும் தாங்குயி! பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு முதலில் வருவது எது? ஆட்டுக்கறியோடும் இஞ்சியோடும் கூடிக் குலவுவது எது? நம் வேர், நம் வேர், நம் வேரல்லவா!

அந்த வேரை வைத்துத்தான் நான் வினை செய்தேன்.

என் மருமகள் ஷூ மின்யாவை உங்களுக்குத் தெரியும். தெற்கே கடலோரத்துப் பெண். என் மகன் அங்கே வேலைக்குப் போனான், வரும்போது அவளோடு வந்தான். இந்த அறுவடைக்கு இருபது நாள் முன்பு எனக்குப் பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள் நம் வழக்கப்படி வீட்டுக்கு ஒன்றாகப் போன ஆண்டு வேர் வந்தது. பதினேழு வீடு, பதினேழு வேர்! ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்!

யாருடைய வேரை ஆட்டுக்கறிச் சட்டியில் போடுவது, யாருடையதை விடுவது? பாவ் வீட்டு வேரைப் போட்டு ஹோவ் அக்கா வீட்டு வேரை விட்டால், அக்கா அடுத்த அறுவடை வரைக்கும் என்னோடு பேசுவாரா? அங்கே தலையாட்டுகிறார் பாருங்கள்! உங்களுடையதைத்தான் அக்கா முதலில் போட்டேன். பிறகு பதினாறையும் போட்டேன். தலை, உடல், வால் என்று பார்க்கவில்லை, முழுசு முழுசாகப் போட்டேன். கறியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மின்யா ஒரு வாய் குடித்தாள், குமட்டிக்கொண்டு கிண்ணத்தைத் தள்ளினாள்.

"குடிம்மா. இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இதைக் குடிச்சுத்தான் எந்திரிச்சு நடந்தாங்க."

"முடியல அத்தை, நெஞ்சை அடைக்குது."

"பொறந்ததுலேர்ந்து மீன் நாத்தத்துல இருந்தியே, அது அடைக்கலையா?"

சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. ஒரு வாரம் அந்தப் பெண் வெறும் தினைக்கஞ்சியில் கிடந்தாள். அவள் முகம் வெளுத்தது, என் முகம் கடுத்தது. ஒருநாள் அவள் தன் தாயிடம் போனில் பேசுவது என் காதில் விழுந்தது: "அம்மா, பிரசவ மாசம் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிரு. பாப்பாவையும்தான்."

தாய்மார்களே! பேத்தி போய்விடுவாளே என்று பயந்தேன். அதைவிட, அவளைத் துரத்தியவள் நான்தானே என்று வெட்கினேன்.

மறுநாள் காலை அடுப்படியில் மின்யா நிற்கிறாள்! பிள்ளை பெற்று ஒரு மாதம் முடியாதவள் பச்சைத் தண்ணீரைத் தொடலாமா?

"அடியே, தண்ணியில கை வைக்காதே!"

"வைக்கல அத்தை. கஞ்சி குடிச்சு அலுத்துப் போச்சு. நீங்க சட்டி வைங்க, நான் சொல்றேன். ஒரு வேர் எடுங்க. நடுப்பக்கமா மூணு சீவல்."

"மூணு வேரா?"

"மூணே மூணு சீவல்."

"சட்டிக்குப் பிச்சை போடுறியா?"

"எங்க ஊர்ல வேர் விளையாது அத்தை. கடையில ஒரு பிடி சீவல் வாங்கி, ஒரு மாசம் வச்சிருந்து குடிப்போம். கறி நிறைய, இஞ்சி நிறைய, வேர் கொஞ்சம்."

கொதித்தது. அவள் குடித்தாள். கிண்ணத்தை நீட்டி இன்னும் கேட்டாள்! நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வருஷம் இந்த வேரை நட்டேன், களை எடுத்தேன், தோண்டினேன், புகை போட்டேன். அதற்குள் இப்படி ஒரு இனிப்பு இருப்பது எனக்குத் தெரியாது ஐயா! விளைவித்தவள் நான், ருசி அறிந்தவள் அவள்!

மாதம் முடிந்தது. சம்பந்தியம்மாள் இரண்டு நாள் ரயிலில் பயணம் செய்து, மகளின் சாமானைக் கட்ட வெறும் பையோடு வந்து வாசலில் நின்றார். "கெளம்பலாமாடி?" என்றார். நான் பேத்தியை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

மின்யா என்னைப் பார்த்தாள். "எப்படிம்மா வர்றது? நான் இல்லன்னா அத்தை மறுபடியும் முழு வேரைத் தூக்கிச் சட்டியில போட்டுருவாங்க!"

சிரித்தேன், அழுதேன், அவள் கன்னத்தைக் கிள்ளினேன். நீங்களும் சிரியுங்கள், அதற்குத்தானே சொல்கிறேன்!

தாய்மார்களே! இனி எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வேர் அனுப்புவோம். பெரிய வேரே அனுப்புவோம். அதில் நாம் குறைவைக்க மாட்டோம்! ஆனால் அதைச் சீவும் முன், பெற்றவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உனக்கு எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்போம். கேட்போமா? இன்னும் உரக்கச் சொல்லுங்கள், கேட்போமா? ஹோவ் அக்கா, உங்கள் குரல்தான் கேட்கவில்லை!

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி. பேத்தி பசியில் அழத் தொடங்கிவிட்டாள், மருமகள் கையசைத்துக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டது அவள், இனி ஒரு நொடியும் நிற்க மாட்டேன். வருகிறேன், வணக்கம்!