ஹாலுக்குள்ள ஒரு கொடிக்கயிறு

— அவுக்காத. கயித்த அப்டியே வுடு. அதப் பாக்கத்தான் மேல வந்தேன்.

— இல்லீங்க குல்ஷன்க்கா, நீங்க உள்ள வர வழியில்லாம தொங்குதுங்களே. தலையில ஈரம் படும்.

— படட்டும். அரே, என்னாம்மா கலைமணி இது? சன்னலுக்கும் கதவுக்கும் ஒரு கயிறு, பீரோவுக்கும் ஃபேன் கொக்கிக்கும் ஒரு கயிறு. ஹால்ல நடக்கவே எடமில்ல. உங்களுக்கு வூடு வாடகைக்கு வுட்டமா, ஜவுளிக்கட வெச்சிக் குடுத்தமா?

— மழைங்க. ஒரு வாரமா வுடாம ஊத்துதுங்களே.

— மழை நேத்தோட போயிருச்சு. வெளிய வந்து பாரு, வெயிலு மண்டைய பொளக்குது. மொட்டமாடியில நீளமா கயிறு கட்டி வுட்டிருக்கேன். காக்கா குந்திக்கினு இருக்குது. அங்க துணி போடாதன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா?

— சத்தியமா சொன்னதில்லீங்க.

— அப்பறம் என்னாத்துக்கு வூட்டுக்குள்ள? எங்க சமையக்கட்டு மேல ஓதம் அடிச்சி ஊதிப்போச்சு. நேத்து சுண்ணாம்பு பேந்து எங்க வூட்டு பாய் தட்டுல வுழுந்துச்சு. குந்துன மனுசன் சாப்புடாம எழுந்துட்டாரு. மேல என்னா ஏரி வெட்டியிருக்காங்களான்னு கேக்கறாரு.

— தப்புதாங்க. இனிமே கீழ பக்கெட்டு வெச்சிடறேன். முறுக்கிப் புழிஞ்சிதான் போடறேன், ஆனா மொத்தமான போர்வை பாருங்க, என் கைக்குத் தண்ணி முழுசா எறங்க மாட்டேங்குது.

— பக்கெட்டெல்லாம் வேணாம். மாடிக்குக் கொண்டு போ. இந்தா, நான் ஒரு முனைய புடிக்கறேன்.

— வேணாங்க! வுடுங்க்கா. சாயங்காலமா நானே போட்டுக்கறேன்.

— சாயங்காலம் உனக்காக வெயிலு வந்து நிக்குமா? எப்பவும் கடைக்கு ஓடற பொண்ணு, இன்னிக்கி லீவு போட்டிருக்க. இன்னிக்கிப் போடாம என்னிக்கிப் போடுவ? குடு.

— வுடுங்க, உங்க கை அழுக்காயிரும்.

— தொவச்ச துணியில என்னா அழுக்கு? இரு, இரு. கலைமணி, இது லுங்கி.

— ஆமாங்க.

— நீலக் கட்டம் போட்ட லுங்கி. சொட்டச் சொட்ட இருக்குது. யாரோடது?

— எங்க வூட்டுக்காரரோடதுங்க.

— அவரு பெங்களூர்ல கம்பெனி வேலையில இருக்காருன்னு சொன்ன.

— போன வாரம் வந்திருந்தாருங்க. வுட்டுட்டுப் போயிட்டாரு.

— போன வாரம் வுட்டுட்டுப் போன லுங்கிய இன்னிக்கித் தொவச்சியா? அதோ அந்தக் கயித்துல இன்னும் ரெண்டு தொங்குது. உக்காரு. நின்னுக்கினு பொய் சொல்லாத, காலு வலிக்கும்.

— அக்கா...

— நான் சொல்றத கேட்டுட்டு அப்பறம் பேசு. ஓதத்துக்காக மட்டும் நான் வரல. நீ கடைக்குப் போனப்புறம் மேல இருமல் சத்தம் கேக்குது. ஆம்பள இருமல். மொதல்ல டீவின்னு நெனச்சேன். டீவிக்கு பொறையேறுமா? எதிர் வூட்டு சகாயமேரி என்னையே நிறுத்திக் கேக்கறா. புருசன் எங்கியோ ஒழைக்கறான், இவ எவனையோ மேல வெச்சிப் பூட்டிட்டு வேலைக்குப் போறாளாமேன்னு. பாய் காதுக்கும் போயிருச்சு. இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லுன்னுதான் என்னைய அனுப்சாரு.

— காலி பண்ணணுங்களா?

— நான் இன்னும் சொல்லல. நீ சொல்லு மொதல்ல. அந்தச் சாத்துன ரூம்புல யாரு?

— அவருதாங்க. என் புருசன்தாங்க. மாதவராஜ். பெங்களூருக்கெல்லாம் அவரு போனதே இல்லீங்க.

— வந்ததுலருந்து இங்கியேவா இருக்காரு?

— நீங்க உங்க பொண்ணு ஹீனா பிரசவத்துக்குன்னு ஓசூர் போயிருந்தீங்களே, அப்பத்தான குடி வந்தோம். பாய் சாவிய குடுத்துட்டுக் கடைக்குப் போயிட்டாரு. எந்தம்பியும் அவன் சிநேகிதனும் நாற்காலியோட தூக்கிக்கிட்டு வந்து அந்த ரூம்புல வுட்டாங்க. அன்னிக்கி மேல வந்தவருதாங்க. அப்பறம் வாசப்படி தாண்டல.

— யா அல்லா. என்னா ஆச்சும்மா அவருக்கு?

— மினி லாரி ஓட்டிக்கிட்டு இருந்தாருங்க. பாலக்கோட்டுலருந்து தக்காளி லோடு ஏத்திக்கிட்டு சேலம் போனாரு. தொப்பூர் எறக்கத்துல வண்டி கவுந்துருச்சு. ரோடெல்லாம் தக்காளி. ரத்தம் எது, தக்காளி எதுன்னு தெரியலன்னு சொன்னாங்க. உசுரு நின்னுச்சுங்க. இடுப்புக்குக் கீழதான் ஒண்ணுமில்ல.

— எழுந்து நடக்கவே முடியாதா?

— நடக்கறத வுடுங்க. ஒண்ணுக்கு வர்றதும் தெரியாது, போனதும் தெரியாது. கொழாய் வெச்சாங்க, காய்ச்சல் கண்டு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, எடுத்துட்டாங்க. ராத்திரிக்கு டயப்பர் போட்டுடுவேன். பகல்லயும் போட்டா தொடையெல்லாம் வெந்து போவுதுங்க. அதான் தெனைக்கும் போர்வை, தெனைக்கும் லுங்கி. நான் வேலையிலருந்து வர்றவரைக்கும் அந்த ஈரத்துலதான் கெடப்பாரு.

— இத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கீழதான குந்திக்கினு இருக்கேன், பகல் பூரா?

— சொல்லிட்டு ஒரு வூட்ல இருந்து பாத்துட்டோங்க. நல்லம்பள்ளில. அங்க வாசல்லயே கொடி கட்டி வெள்ளந்தியாத்தான் போட்டேன். மொதல்ல யாரும் ஒண்ணும் சொல்லல. அப்பறம் பசங்க கொடிக்குக் கீழ மூக்கப் புடிச்சிக்கிட்டு ஓடுவாங்க. பசங்கதான, போவட்டும்னு வுட்டேன். ஒரு நாளு பக்கத்து வூட்டுப் பெரியவரு, படிச்சவரு, கொடியப் பாத்துட்டு சத்தமா சொல்றாரு: ‘இன்னிக்கி டிரைவரு ரெண்டு லோடு எறக்கியிருக்காரு போல.’

— சீ! வாயா அது?

— தெருவே சிரிச்சுச்சு. இவரு சன்னலோரம் படுத்திருந்தாருங்க. அன்னிக்கிப் பூரா சோறு திங்கல. அப்பறம் வூட்டுக்காரம்மா தண்ணித்தொட்டியத் தொடாதன்னாங்க. அப்பறம் வூட்டையே காலி பண்ணுன்னாங்க. ‘என்னைய இனிமே ஒருத்தர் கண்ணுலயும் காட்டாத கலை’ன்னு சொல்லிட்டாரு. அதாங்க. துணியும் வெளிய தெரியக் கூடாது, அவரும் வெளிய தெரியக் கூடாதுன்னு இருக்கேன்.

— அதுக்குத்தான் அவர பெங்களூருக்கு அனுப்சிட்டியா?

— வேற என்னாங்க பண்றது? ஒடம்பு சரியில்லாதவரு இருக்காருன்னா யாரு வூடு குடுக்கறாங்க?

— இதெல்லாம் காயுதா மொதல்ல? இந்தப் போர்வை நேத்து போட்டதா?

— முந்தாநேத்துங்க. ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருக்குது. காலைல இஸ்திரிப் பொட்டி வெச்சி அழுத்தி அழுத்தித் தேய்க்கறேன். ஓரமெல்லாம் காஞ்சிரும், நடுவுல மட்டும் நசநசன்னு நிக்கும்.

— ஈரவாடை அடிக்குது. மோந்து பாரு. இதையா அவருக்கு விரிக்கற?

— முதுவுல புண்ணு வந்துருச்சுங்க்கா. ஒண்ணு காசளவுதான். இன்னொண்ணு குழிஞ்சி போச்சு. செல்லுல போட்டோ புடிச்சி ஆஸ்பத்திரியில காட்டுனேன். நர்சம்மா கேட்டாங்க, ‘துணிய நல்லா வெயில்ல காயப்போடற இல்ல?’ன்னு. ‘போடறேங்க, சத்தியமா’ன்னேன். அவங்ககிட்டயும் பொய்யி. கடையில நாள் பூரா காஞ்ச துணியத்தான் மடிக்கறேன். புது பெட்ஷீட்டு மொறுமொறுன்னு இருக்கும். மடிக்கும்போதெல்லாம், ஒண்ண மடியில கட்டிக்கிட்டு ஓடியாந்து அவரு முதுவுக்குக் கீழ போட்டுடலாமான்னு வருங்க.

— அழாத. இந்தா, முந்தானையில தொடைச்சிக்க. அழுதா இன்னும் ஒரு ஈரத்துணி சேரும்.

— நீங்களும் காலி பண்ணச் சொல்லிட்டீங்கன்னா எங்க போறதுன்னு தெரியலீங்க. ஏரியூர்ல அவங்கண்ணன் வூடு ஒண்ணு இருக்குது. அவங்க மொதல்லயே கையெடுத்துக் கும்புட்டுட்டாங்க.

— யாரும் எங்கியும் போவ வேணாம். நான் பேசிக்கறேன் பாய்கிட்ட. இப்ப கேளு. எல்லாத்தையும் இந்தக் கூடையில போடு, நான் எடுத்துக்கினு போறேன். மாடியில முன்பக்கக் கயித்துல, சகாயமேரி கண்ணுக்கு நேரா, என் கையாலயே போடறேன்.

— அய்யோ வேணாங்க. யாரோடதுன்னு கேப்பாங்க.

— கேக்கட்டும். பாய்க்கு சக்கர முத்திப்போச்சு, ராத்திரியில முழிப்பு வரல, படுக்கையிலயே போயிடறாருன்னு சொல்றேன்.

— பாயையா? அக்கா!

— ஆமா. ஊருப் பேச்சக் கேட்டுக்கினு ஒரு பொண்ண காலி பண்ணச் சொன்னாரு இல்ல? அவரப் பத்தியும் ஊரு கொஞ்ச நாளு பேசட்டும். கல்லாவுல குந்தி யேவாரம் பண்றப்ப ஆளாளுக்கு வந்து மருந்து சொல்லுவாங்க.

— சிரிக்க வெக்காதீங்க்கா. அவரு தூங்கறாரு.

— சிரிச்சா நல்லாத்தான இருக்குற. அந்த ரூம்பு சன்னலு ஏன் எப்பவும் சாத்தியே கெடக்குது? கிழக்குப் பாத்த சன்னலு. தொறந்தா காலை வெயிலு கட்டிலு மேலயே வுழுமே.

— தெருவுலருந்து தெரியுங்க. அவருக்குப் புடிக்காது.

— கேட்டியா அவர?

— கேக்கணுமாங்க? அவரு மனசு எனக்குத் தெரியாதா? யாராச்சும் பாத்துட்டா செத்துப் போயிருவாருங்க. அவ்வளவு ரோசம்.

— கலை.

— பாருங்க, முழிச்சிட்டாரு. ஒண்ணுமில்ல மாமா! கீழ் வூட்டு அக்கா வந்திருக்காங்க. நீங்க படுங்க.

— கதவ தொற கலை.

— துணி மாத்தணுமா? கொஞ்சம் இருங்க, அக்கா போயிடட்டும்.

— அக்கா இருக்கட்டும். நீ தொற.

— மாமா, நீங்க கெடக்கற கோலத்துல...

— அரே, தள்ளும்மா, நானே தொறக்கறேன். தம்பி, உள்ள வரலாமா?

— வாங்கக்கா. எழுந்திரிக்க முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க.

— படுத்துக்கப்பா. அல்லாவே, என்னா இது, மாவு பூசுனாப்ல வெளுத்துக் கெடக்குற? இந்த இருட்டுக்குள்ளயா இருந்த இத்தன நாளா?

— நீங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாய் பேர கெடுக்க வேணாங்க்கா. மாதவராஜ் போர்வைன்னே சொல்லுங்க.

— நீங்கதான மாமா சொன்னீங்க? ஒருத்தர் கண்ணுலயும் காட்டாதன்னு?

— சொன்னேன். நல்லம்பள்ளில, அந்த ஒரு நாளு. வயிறெரிஞ்சி சொன்னேன். மறுநாளே அது ஆறிப்போச்சு கலை. நீ அதுக்குள்ள சன்னலச் சாத்திட்ட.

— அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல? தெனைக்கும் பூட்டிட்டுப் போறேன், நீங்களும் சரின்னுதான தலையாட்டறீங்க?

— நீ கடைக்குப் போவணும். நாலு பேரு மூஞ்சியப் பாத்து நிக்கணும். என் புருசன் பெங்களூர்லன்னு சொன்னா உனக்கு நிம்மதியா இருக்குது போலன்னு நெனச்சேன். உனக்கு வெக்கமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்.

— எனக்கா? எனக்கா மாமா வெக்கம்? உங்க முகம் வாடக் கூடாதுன்னு நான் இங்க...

— தெரியிது. இப்பத்தான் தெரியிது. கதவுக்கு அந்தப் பக்கம் நீ அக்காகிட்ட சொல்றப்பத்தான் எனக்கே தெரியிது. அழாத.

— ரெண்டு பேரும் அப்பறமா குந்தி அழுதுக்கங்க. வெயிலு போயிரும். இந்தக் கூடை கனக்குது, இத்தோட என்னால படியேற முடியாது. இத்ரீஸ் கீழதான் இருக்கான், என் பையன், நல்லா மாடு மாதிரி இருக்கான். கூப்புடறேன், தூக்கிக்கினு வரட்டும்.

— கூப்புடுங்கக்கா. ஆனா துணி கெடக்கட்டும். மொதல்ல என்னையத் தூக்கிட்டுப் போயி வெயில்ல போடச் சொல்லுங்க.